தெருவுக்கெல்லாம் ஒரே நம்பர்

அக்கா சேதி சொல்லக் கிளம்பினால் தெருவுக்கே தெரிந்துவிடும். என்ன சேதி என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இடது கையில் பட்டன் போன், வலது கை முந்தானையை இழுத்துச் செருகியபடி இருக்கும். பார்வை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாது. குழாயடியில் நிற்பவர்கள், "இன்னிக்கு யாருக்கு வந்துருக்கு?" என்று கேட்பார்கள். அக்கா பாதி சிரிப்பு சிரித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

ஒரு முறை எங்கள் தெருக் கோடியில் இருந்த அண்ணனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அவர் வயலில் இருந்தார். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னா சேதி? எங்கிட்ட சொல்லிட்டுப் போயேன். வந்ததும் சொல்லிடறேன்."

"இல்லண்ணி. அண்ணனுக்கு வந்தது. அண்ணன்கிட்டயே சொல்லிடறேன்."

"ஏன், நானும் அவரும் வேற வேற வீடா?"

"அப்படி இல்லண்ணி" என்று சொல்லிவிட்டு அக்கா வாய்க்கால் வரப்பில் இறங்கி நடந்தார். உச்சி வெயில். போக ஒரு மைல், வர ஒரு மைல். சேதி இவ்வளவுதான்: மறுநாள் காலை மாடுகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள், ஓட்டிக்கொண்டு வரவும். அந்த அண்ணி பதினைந்து நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"மாட்டு ஊசியில என்னாக்கா ரகசியம்?" என்று நான் கேட்டேன்.

"ரகசியம்னு யாரு பாப்பா சொன்னா? அவுருக்கு வந்தது. அவ்வளோதான்."

எனக்கு அந்தப் பிடிவாதம் அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு சின்ன விஷயத்தை இத்தனை பெரிய விரதமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று தோன்றும். இத்தனைக்கும் அந்த அழைப்புகள் எல்லாம் அக்காவின் போனுக்கு வந்துகொண்டிருந்ததற்குக் காரணமே நான்தான்.

அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு திருத்தம், முதியோர் பென்ஷன், காஸ் புக்கிங், எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். எந்த விண்ணப்பமாக இருந்தாலும் ஒரு இடத்தில் பத்துக் கட்டம் வரும், போன் நம்பருக்கு. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் போன் கிடையாது. இருந்த வீடுகளிலும் அது ஆண்களின் சட்டைப் பையோடு வேலைக்குப் போய்விடும்.

முதல் தடவை ஒரு பெரியவருடைய பென்ஷனுக்காக அக்காவிடம் கேட்டேன். "ஒங்க நம்பரப் போட்டுக்கட்டுமாக்கா?"

"போட்டுக்கோ பாப்பா. வந்தா சொல்லிட்டுப் போறேன்."

அது ஒரு பெரியவருக்காகக் கொடுத்த அனுமதி. நான் அதைத் தெருவுக்கே கொடுத்ததாக எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. போன் இல்லை என்று யார் வந்து நின்றாலும் என் விரல்கள் தானாக அந்தப் பத்து எண்ணை அடித்துவிடும். என் சொந்த நம்பரை அடிக்கும்போதுகூட ஒரு இடத்தில் தடுமாறுவேன், அக்காவுடையதில் தடுமாறியதில்லை. உன் நம்பரையே போட்டிருக்கலாமே என்று யாராவது கேட்டால் பதில் இருக்கிறது. எனக்கு வேலை இருந்தது. நாளெல்லாம் ஊரார் போன் எனக்கு வந்தால் நான் எப்போது டைப் அடிப்பது? சோம்பேறித்தனத்துக்கு நான் வைத்திருந்த பெயர் வேலை.

அக்காவுக்கும் வேலை இருந்தது. அண்ணாகிராமம் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தபோது முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையையும் கூடவே கொண்டுவந்தார். மூட்டையாக வாங்கி வீட்டிலேயே போட்டு உடைப்பார், தெருவில் நாலைந்து பெண்கள் அவரோடு சேர்ந்துகொள்வார்கள். தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, வழவழவென்று ஆகிவிடும். ரேஷன் கடை மெஷினில் அந்த விரலை வைத்தால் ரேகை விழாது. ரேகை விழாதவர்களுக்குப் போனில் ஓ.டி.பி. வர வேண்டும், அதைச் சொன்னால்தான் அரிசி. அதனால் ரேஷன் போடுகிற நாட்களில் அக்கா கொட்டை உடைப்பதை நிறுத்திவிட்டுக் கடை வாசலிலேயே போனோடு நின்றுகொண்டிருப்பார். ஆறு எண்ணையும் உரக்கச் சொல்ல மாட்டார். உரியவரின் காதோரம் குனிந்து சொல்வார். கடைக்காரர், "ஏம்மா, நானும் கேட்டுத்தான ஆவணும்?" என்று கிண்டல் செய்வார். "அவுங்க சொல்லட்டும், கேளுங்க" என்பார் அக்கா.

அந்தப் போனை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய வீட்டுக்காரர். மலேசியாவில் ஓட்டல் வேலைக்குப் போனவர். வாரத்துக்கு ஒரு நாள் பேசுவார். ஒரு நாள் காலையில் அங்கே கூட வேலை பார்த்தவர் யாரோ பேசினார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் அப்போது, அக்கா நம்பரையே போட்டிருந்த என் தம்பியின் ஹால் டிக்கெட் விஷயமாக அவர் வீட்டில்தான் இருந்தேன். அக்கா, "சரிங்க... சரிங்க" என்று இரண்டு முறை சொன்னார். போனை வைத்தார். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். நான் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனேன். நாலு வீடு தள்ளி ஒரு பாட்டியிடம், பென்ஷன் வந்துவிட்டது, பத்து மணிக்கு ஆள் வருகிறான் என்று சொன்னார். அந்தச் சேதி அதற்கு முன்பே வந்திருந்தது. சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்த பிறகுதான் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார்.

இதைப் பெருமையாக ஊரில் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. தன்னுடையதைக்கூட வரிசையில் நிற்கவைக்கிற மனுஷியிடம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஏற்றிக்கொண்டிருந்தது யார் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

குழாய் விவகாரம் வந்தது அதற்கு அடுத்த வருஷம். பக்கத்தில் இருந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கழிவு நீரைக் கொண்டுபோக எங்கள் தெரு வழியாகக் குழாய் பதிக்கப் போவதாக அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஊர் கூடியது. மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் மனு கொடுப்பது என்று முடிவானது. வீட்டுக்கு ஒரு மனு. அத்தனை மனுவையும் அடித்தவள் நான். மனுவிலும் போன் நம்பருக்கு இடம் இருந்தது.

நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்லவேண்டியதில்லை.

அக்கா அந்தப் போராட்டத்தில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்த அன்று வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், மைக்கில் பேசியவர்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் ஊர் மனுக்களுக்குப் பதில் ஏதாவது வந்தால் மட்டும் அவர் போனுக்கு வரும். அவரும் வீடு வீடாகப் போய் அவரவரிடம் சொல்லிவிட்டு வருவார். நாலு மாதத்தில் சுண்ணாம்புக் கோடு மழையில் அழிந்தது, குழாய் வரவில்லை, நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

பட்டியல் வெளியே வந்தது அதற்குப் பிறகுதான். அரசாங்கத்தின் ஏதோ ஒரு ரகசியப் பிரிவு எந்தெந்த ஊரில் யார் யாருடைய போனை ஒட்டுக் கேட்டது என்கிற கோப்பு. உள்ளே இருந்த யாரோ ஒருவர் மனசு பொறுக்காமல் எடுத்து வெளியில் போட்டுவிட்டார். டி.வி.யில் இரவும் பகலும் அதே பேச்சு. அவர் செய்தது சரிதான் என்று நான் இன்றும் நினைக்கிறேன். அவர் போடாவிட்டால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் எடுத்ததை அப்படியே போட்டார். ஒரு பெயரையும் மறைக்கவில்லை.

எங்கள் மாவட்டத்துப் பக்கங்கள் வாட்ஸ்அப்பில் வந்த அன்று என் சென்டரில் ஒரே கூட்டம். பெரிய திரையில் வைத்து நான்தான் படித்தேன். அக்காவின் நம்பர், பெயர், அதற்கு எதிரே: 'முக்கிய ஒருங்கிணைப்பாளர். ஊரின் பெரும்பாலான குடும்பங்கள் இந்த எண்ணின் மூலமே இயங்குகின்றன.'

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குக் கீழே தேதி வாரியாகப் பேச்சுகள் இருந்தன. 'மேற்படி பெண்மணி அதிகாலையில் ஓர் ஆணிடமிருந்து, வந்துடுச்சு, எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வா, என்ற தகவலைப் பெற்று உடனடியாகப் பதினோரு வீடுகளுக்குச் சென்று தகவல் பரப்பினார்.'

"அடப்பாவிங்களா, அது தண்ணி லாரிடா" என்று ஒருவர் சொல்ல, சென்டரே அதிர்ந்தது. தண்ணீர் லாரிக்காரர் பெயரில் ஒரு தனிப் பத்தியே இருந்தது. நான் குரலை மாற்றி, போலீஸ்காரர் மாதிரி படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குரலிலேயேதான் அடுத்ததையும் படித்துவிட்டேன்.

'புதுச்சேரி மருத்துவமனையிலிருந்து அழைப்பு. கதிரேசன் மனைவி கலா என்பவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கருத்தடைச் சாதனம் பொருத்திக்கொண்டது தொடர்பாக மறுபரிசோதனைக்கு வர வேண்டும் எனத் தகவல். போராட்டத்துடன் தொடர்பு இல்லை.'

கலா, அக்காவின் எதிர்வீட்டு மருமகள். இரண்டு பெண் குழந்தைகள். பேரன் வேண்டும் என்று அவள் மாமியார் ஏறாத கோயில் இல்லை. அந்த மாமியார் என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

போராட்டத்துடன் தொடர்பு இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தொடர்பு இல்லை என்று தெரிந்த பிறகும் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷமாக அக்கா அந்தச் சேதியைக் கலாவிடம் எப்படிக் கொடுத்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழாயடியில் கலாவுக்குப் பின்னால் காலிக் குடத்தோடு நிற்பார். யாராவது வந்துவிட்டால் தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி கடைசிக்குப் போவார். ஒரு காலை மூன்று தடவை அப்படிப் போனதைப் பார்த்து, அக்காவுக்கு வீட்டில் தண்ணீர் தேவையே இல்லையா என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

மாமியார் கத்தியது மருமகளிடம் இல்லை. நேராக அக்கா வீட்டு வாசலுக்குப் போனார்.

"எம் பேரன் வராம இருக்க நீதான்டி காவல் காத்துருக்க. ரெண்டு வருசம் எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிடி சோறு தின்ன?"

அக்கா கையில் கொட்டையோடு எழுந்து நின்றார். "அது ஒங்களுக்கு வந்த சேதி இல்லம்மா" என்றார்.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் கூட்டத்தில் நின்று மனதுக்குள் கெஞ்சினேன். அவருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் வந்தது. மாமியார் மண்ணை வாரித் தூற்றினார். அன்று மாலையே கலாவைப் புவனகிரியில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கதிரேசன் கூடப் போகவில்லை.

கோப்பில் எங்கள் தெருவைப் பற்றி இன்னும் இருந்தது. ஒருவருக்குக் காசநோய் மாத்திரை, ஒரு பெண்ணின் நின்றுபோன நிச்சயதார்த்தம், ஒரு பையன் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டது. எல்லாம் அக்காவின் காதுக்கு வந்து, உரியவரைத் தவிர வேறு யாரிடமும் போகாதவை. இப்போது கடலூர் பழைய டவுனில் இருக்கிறவன்கூடப் படிக்கலாம். எங்கள் ஆட்களுக்கு வந்த கோபம் ஒட்டுக் கேட்டவர்கள் மேல் போயிருக்க வேண்டும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அக்கா எதிரே இருந்தார்.

"அவ போன்ல இருந்துதான வெளிய போச்சி?"

"பதினோரு வீடுன்னு எண்ணிக் குடுத்தது யாரு? கூடவே நடந்தவனுக்குத்தான தெரியும்?"

இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. போனை ஒட்டுக் கேட்டவனுக்குக் காலடி கேட்காது. எங்கள் தெருவிலேயே யாரோ ஒருவர் எண்ணியிருக்கிறார். அந்தச் சந்தேகம் வந்த பிறகு குழாயடியில் பேச்சு குறைந்துபோனது. ஒருவர் வந்தால் இன்னொருவர் நிறுத்துவார். எனக்குக்கூட என் சென்டருக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்தால் இவர் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்ற ஆரம்பித்தது.

மறுவாரம் முழுக்க என்னிடம் ஒரே வேலைதான். "அந்த நம்பர எடுத்துரு." அட்டையை நீட்டுவார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். நான் எடுத்தேன். ஒவ்வொன்றாக. இதைப் போட்டதே நான்தான், அக்காவுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் அது தெரிந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்திருந்தாலும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

விசாரணைக் குழு ஒன்று போட்டார்கள். அதில் ஒருவர், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, சிதம்பரத்தில் ஒரு விருந்தினர் மாளிகையில் உட்கார்ந்து எங்கள் பக்கத்து ஆட்களை விசாரித்தார். காகிதம் வந்தால் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் ஒரு தட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அக்காவின் கை வெறுமையாக இருந்து நான் பார்த்தது அன்றுதான். உட்கார்ந்த பிறகும் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி நல்ல மனிதர். மரியாதையாகப் பேசினார்.

"அம்மா, இத்தனை மனுவுல உங்க நம்பர் இருக்கு. நீங்க குடுத்தீங்களா, இல்ல உங்களக் கேக்காம யாராவது போட்டுட்டாங்களா? கேக்காம போட்டாங்கன்னா உங்க பேர்ல ஒண்ணுமே இல்லைன்னு எழுதிடலாம்."

நான் இரண்டு நாற்காலி பின்னால் இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேட்டாங்க சார். குடுத்தேன்" என்றார் அக்கா.

"எல்லாருக்குமா?"

"ஆமாங்க சார்."

பிறகு அவர், யார் யாருக்கு என்ன மாதிரி தகவல் வரும் என்று விவரம் கேட்டார். போராட்டத்துக்குச் சம்பந்தமில்லாத சாதாரண விஷயங்கள்தான் என்று நிரூபிக்கலாம் என்றார். நாலு உதாரணம் போதும் என்றார்.

"அது அவுங்கவுங்க சேதிங்க சார். அவுங்களையே கேட்டுக்குங்க."

"உங்க நல்லதுக்குத்தாம்மா கேக்கறேன்."

"தெரியுதுங்க சார். ஆனா என்னுது இல்லையே."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். சாட்சி ஒத்துழைக்கவில்லை என்று எழுதியிருப்பார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா, புதுச்சத்திரம் தாண்டியதும் வெளியே பார்த்தபடியே சொன்னார்: "நீ பயந்துட்ட. பரவால்ல பாப்பா." நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பஸ்ஸில் கூட்டம் ஜாஸ்தி என்று ஒரு காரணம் இருந்தது.

குழு அறிக்கை கொடுத்தது, அதன் பேரில் புதிய விதி வந்தது. மக்களின் அந்தரங்கத்தைக் காக்க இனி ஒரு நம்பர் ஒரு குடும்பத்துக்கு மட்டும்தான். அடுத்தவர் நம்பர் போட்டால் ஏற்றுக்கொள்ளாது. பேப்பரில் பாராட்டி எழுதியிருந்தார்கள். எங்கள் தெருவில் அது இப்படி வந்து சேர்ந்தது: தனியாக இருந்த கிழவிகளுக்குப் பென்ஷன் நின்றது. பெண்களின் அட்டைகளில் எல்லாம் வீட்டுக்காரர் நம்பர் ஏறியது. இனி புதுச்சேரி ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னொரு கலாவுக்காகக் கூப்பிட்டால் மணி அடிப்பது கதிரேசனின் சட்டைப் பையில். ஒட்டுக் கேட்பது நின்றதா என்று எனக்குத் தெரியாது. வெளியே போகிற மாதிரி எழுதி வைப்பதை நிறுத்தியிருப்பார்கள்.

அக்காவின் போன் அடிப்பது நின்றது. கொஞ்ச நாள் வழக்கம்போல் மடியில் வைத்துக்கொண்டு கொட்டை உடைத்தார், தனியாக. கூட உடைக்க வந்த பெண்கள் வேறு வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்கள். ஒரு நாள் சிம் கார்டைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டு, சிதம்பரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தங்கையும் அடுத்த வருஷம் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன், போய்ப் பார்க்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, என் அப்பாவின் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கண் பிரிவு வரிசையில் யாரோ, "பாப்பா, நீயா?" என்றார். அக்காதான். என் முகம் அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் நான் பேசிய குரலை வைத்துக் கேட்டிருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறாராம். இப்போது தட்டில் அழுக்கு தெரியாததால் நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கலா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். புவனகிரியிலேயே இருக்கிறாள் என்றேன். "சின்னது பள்ளிக்கூடம் போவுதா?" என்றார். பேசிக்கொண்டே அவரோடு வரிசையில் நகர்ந்து கவுன்டர் வரை வந்துவிட்டேன்.

இலவச ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டையைப் பதிய வேண்டும். கவுன்டரில் இருந்த இளைஞர் மெஷினை நகர்த்தினார். அக்கா ஒவ்வொரு விரலாக வைத்தார், பத்தும் விழவில்லை. கண்ணைக் காட்டச் சொன்னார், புரை விழுந்த கண்ணை மெஷின் எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப ஓ.டி.பி.தாம்மா. போன் நம்பர் சொல்லுங்க."

"போன் இல்லப்பா."

"வீட்டுல யாருதாவது?"

"வீட்டுல நான்தான்."

"தெரிஞ்சவுங்க யாருதாவது ஒரு நம்பர் குடுங்கம்மா. குடும்பம்னு போட்டுக்கறேன், யாரு வந்து பாக்கப் போறாங்க? நம்பர் இல்லாம தேதி போட முடியாது."

என் போன் என் கையில்தான் இருந்தது. அந்தப் பத்து எண்ணைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? என் அட்டையில் என் நம்பர் இருக்கிறது, இரண்டாவது குடும்பத்துக்குப் போட்டால் பிடித்துவிடுவார்கள், சென்டர் லைசென்ஸ் போய்விடும் என்று நினைத்தேன். அந்தப் பட்டியலில் அக்காவின் பெயர் இன்னும் இருக்கிறது, அந்தப் பெயரோடு என் நம்பர் ஒட்டிக்கொண்டால் நாளைக்கு யார் எதை எப்படி எழுதுவார்கள் என்றும் நினைத்தேன். இரண்டாவதுதான் உண்மையான காரணம். அது எவ்வளவு கேவலம் என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

இளைஞர் என்னைப் பார்த்தார். "நீங்க இவுங்க கூட வந்தவுங்களா?"

"இல்ல" என்றேன். "நான் வேற வேலையா வந்தேன்."

"ஆமாம்ப்பா, அவுங்க வேற" என்றார் அக்கா உடனே. "எங்க ஊருப் பொண்ணு. பாத்து ரொம்ப நாளாச்சேன்னு நின்னு பேசிக்கிட்டு இருந்துது." பிறகு என் தோள் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து லேசாகத் தட்டினார். "நீ போ பாப்பா. அப்பாவுக்கு மாத்திர வாங்கணும்னியே, மூடிடுவான்."

அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி அவர் வரிசையை விட்டு விலகினார். அவருக்குப் பின்னால் நின்றிருந்தவர் கவுன்டருக்கு வந்து தன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார்.